தோற்பதற்கு ஒரு திட்டம்

நம் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு விண்ணப்பம். காலையில் அந்த வீடியோக்களை எனக்கு அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தாடி வைத்த ஒரு தம்பி இருட்டில் நின்றுகொண்டு, “சண்டை களத்தில் நடப்பதில்லை, மனதில் நடக்கிறது” என்கிறான். பின்னால் இடி இடிக்கிறது. சர்க்கரை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் தேடும் நேரத்தில் எனக்கு எதற்கு இது? மனதில் நடக்கும் சண்டையைப் பற்றி எனக்கா பாடம்? மனதில் தோற்கத் திட்டம் போட்டு, களத்தில் தப்பித் தவறி ஜெயித்து, இரண்டையும் ஒரே காலையில் நாசம் செய்தவன் நான். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லப் போகிறேன். வீடியோ அனுப்பிய பாவத்துக்கு உட்கார்ந்து படியுங்கள்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அதியமான்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். ஊர் முகப்பில் ஒரு புளி மண்டி. மாசி, பங்குனியில் களம் முழுக்கப் புளி குவிந்து கிடக்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தட்டிக் கொட்டை எடுப்பார்கள். சாயங்காலம் அவர்கள் எழுந்து போனதும் அதே களத்தில் எங்கள் கராத்தே வகுப்பு தொடங்கும். காற்றே புளிக்கும். “மூச்ச நல்லா இழுத்து விடு” என்றால் வாயெல்லாம் எச்சில் ஊறும். எவ்வளவு பெருக்கினாலும் புளி ஓடு உள்ளங்காலில் குத்தும். ஜப்பானில் புளி காய்க்காது போலிருக்கிறது. அதற்கான தடுப்பு முறை எதுவும் கராத்தேவில் இல்லை.

மாஸ்டர் தர்மபுரியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். வாரத்தில் மூன்று நாள் மொபெட்டில் வருவார். உலகத்தில் அவருக்குத் தெரிந்தவை இரண்டு; இரண்டையும் ஒன்றாகவே சொல்லிக்கொடுத்தார்.

“கையப் பாக்காத. டைப் அடிக்கறப்ப கட்டையவா பாப்ப? பேப்பரத்தான பாப்ப? எதிராளி கண்ணுதான் உனக்குப் பேப்பர். அடுத்த அடி என்னான்னு அதுல எழுதியிருக்கும். படிச்சிக்க.”

நானும் படித்தேன். எல்லார் கண்ணிலும் ஒரே வரிதான் எழுதியிருந்தது: இவனை அடிக்கலாம்.

என் சீருடை அப்பாவின் பழைய வேட்டியில் தைத்தது. டெய்லர் கராத்தே உடுப்பைக் கண்ணால் பார்த்தவரில்லை. மாஸ்டர் காகிதத்தில் வரைந்து கொடுத்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பாக்கெட் இல்லாம எப்பிடிங்க? பையன் மூக்குத் தொடைக்கற துணிய எங்க வெப்பான்?” என்று தானாகவே நெஞ்சில் இரண்டு பாக்கெட் வைத்துவிட்டார். கை வீசும்போதெல்லாம் அவை படபடவென்று அடித்துக்கொள்ளும். இதயம்தான் சட்டைக்கு வெளியே வந்துவிட்டது என்று முதல் நாள் நினைத்தேன்.

என் பயத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் காது மடல் சூடாகும். பிறகு முழங்கால் தனியாக ஆடும். அதற்குப் பிறகு கால்கள் என்னைக் கேட்காமல் புறப்பட்டுவிடும். புளிக் குவியலைச் சுற்றி ஓடுவேன். எதிராளி துரத்துவான். விசில் ஊதி ஊதி மாஸ்டரின் கன்னம் வீங்கும்.

துரத்தியவர்களில் ஒருநாளும் என்னைத் தவறவிடாத ஆள் மாமா மகள். அம்மாவின் அண்ணன் மகள். என்னைவிட நான்கு மாதம் சின்னவள். அடுத்த தெருவில் வீடு. பெரியவர்கள் எதிரில் இருந்தால் “மாமா” என்பாள், களத்தில் “டேய்”. நான் இடது பக்கம் ஓடலாமா என்று யோசிக்கும்போதே இடது பக்கத்தில் வந்து நிற்பாள்.

“எப்பிடித் தெரியுது உனக்கு?” என்று ஒருநாள் அழாக்குறையாகக் கேட்டேன்.

“ஓடறதுக்கு முன்ன அங்க ஒருவாட்டி பாக்கறயே, அப்பறம் எப்பிடித் தெரியாம போவும்?”

மாஸ்டர் சொன்ன பேப்பரை உண்மையில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். மாஸ்டருக்கே அது தெரியாது. அவளை ‘நல்ல பலம்’ என்றும், என்னை ‘யோசிக்கிற பையன்’ என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் யோசித்ததெல்லாம் வீட்டுக்குப் போவதைப் பற்றி.

புளி தட்டும் பெண்கள் சில நாள் போகாமல் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். “ஏம்புள்ள, கட்டிக்கப் போறவன இப்பவே போட்டு இந்த அடி அடிக்கறயே?” என்று ஒருத்தி கேட்டாள்.

“இப்ப அடிச்சாத்தானுங்க அப்ப சொன்ன பேச்சு கேப்பான்” என்றாள் மாமா மகள். களமே சிரித்தது. நானும் சிரித்தேன். வயிற்றில் வாங்கிய உதையால் சிரிப்பு பாதியில் நின்றது.

இந்த நேரத்தில்தான் சேலத்தில் ஒரு போட்டி வந்தது. ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒவ்வோர் எடைக்கும் ஒருவர். எங்களைப் புளி மூட்டை நிறுக்கும் தராசில் உட்காரவைத்து நிறுத்தார்கள். நான் முப்பத்திரண்டு கிலோ, அவள் முப்பத்தொன்று. அந்த எடையில் நாங்கள் இரண்டு பேர்தான். பையன், பெண் என்று பிரித்துப் பார்க்க அங்கே ஆள் ஏது? இருவரும் மோதி ஜெயிப்பவர் சேலம் போகலாம் என்றார் மாஸ்டர்.

மாமாவுக்கு விஷயம் போனது. மாமா கெட்டவர் இல்லை. மகளுக்கு ரிப்பன் வாங்க தர்மபுரி வரைக்கும் சைக்கிள் மிதிப்பவர். ஆனால் வகுப்புப் பக்கம் ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. அவள் அங்கே ஏதோ கும்மி மாதிரி கை வீசுகிறாள் என்று நினைத்திருந்தார். எங்கள் வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம் சத்தம் போட்டார்.

“பொட்டப்புள்ளய சேலத்துக்கு அனுப்பிச் சண்டை போட வெக்கறதா? ஊர்ல என்னா பேசுவாங்க?”

“நான் போவேன்” என்றாள் மகள்.

“போவியா? சரி. இவன் ஆம்பளப் பையன். இவன ஜெயிச்சிக் காட்டு. சேலத்துக்கும் அனுப்பறேன், நீ எத்தன வருசம் வேணும்னாலும் குதி, நான் ஒண்ணும் கேக்கல. தோத்தீன்னா அன்னியோட நிறுத்திரணும். பேச்சு மாறக் கூடாது.”

அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அது ஆணவச் சிரிப்பில்லை. கவலை தீர்ந்த சிரிப்பு. எதிரே நிற்கப்போவது நான் அல்லவா?

பாருங்கள், அதோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். என்னிடம் யாரும் தியாகம் கேட்கவில்லை, உதவி கேட்கவில்லை. போனமா, ஓடினமா, உதை வாங்கினமா என்று வந்திருந்தால் போதும். ஆனால் நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். யோசிக்கிற பையன் என்று பெயர் வைத்துவிட்டார்களே!

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரே கூடி நிற்கும், மாமா வருவார், அப்பா வருவார். அத்தனை பேருக்கு முன்னால் புளிக் குவியலைச் சுற்றி ஒரு பெண் என்னைத் துரத்த, நான் பாக்கெட் படபடக்க ஓடினால்? நினைத்தாலே காது சூடானது.

எரிகிற நெஞ்சில் ஊரே எண்ணெய் ஊற்றியது. அப்பா, “மனசுல தைரியம் இருந்தா போதும்” என்றார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் வேறு தெருவில் சுற்றி வருபவர் அவர். முடி வெட்டுபவர் சவரக் கத்தியை என் பிடரியில் வைத்துக்கொண்டு, “பயப்படவே கூடாது தம்பி” என்றார். நான் மூச்சுகூட விடவில்லை. ஒரு பெரியவர் வழியில் நிறுத்தி, “முறைச்சிப் பாரு, பொண்ணு தலைய குனிஞ்சிக்கும்” என்றார். அந்தப் பெண்ணை அவர் பார்த்ததில்லை.

போதாக்குறைக்கு வீட்டில் பட்டுப்புழு. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் புழுவின் தீனிக்காக மல்பெரிச் செடி வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் முன்னறையே புழு வீடு. தட்டுத் தட்டாக அடுக்கி, நாங்கள் நடையில் படுப்போம். புழு நான்காவது முறை தோலுரிக்கும் சமயம் அது. தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அந்த நேரத்தில் அம்மா ஒரு சர்வாதிகாரி. பவுடர் போடக் கூடாது, ஊதுபத்தி கூடாது, தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்காத ரசத்தைப் பச்சையாகக் குடித்துக்கொண்டிருந்தோம். எல்லாவற்றுக்கும் மேலாக, சத்தம் கூடாது.

கராத்தேவில் குத்தோடு சேர்த்து வயிற்றிலிருந்து ஒரு கத்தல் கத்த வேண்டும். எங்கள் வகுப்பில் முதலில் கத்தல் வந்துவிடும். குத்து பின்னால் தபாலில் வந்து சேரும். நான் வீட்டு வாசலில் நின்று ஒரு கத்தல்தான் கத்தினேன். அம்மா இலைக்கூடையோடு பாய்ந்து வந்தாள்.

“புழு தூங்குதுடா, பாவி! ஒரு தட்டு செத்துச்சின்னா கூடு எங்கிருந்து வரும்?”

“கத்தித்தாம்மா குத்தணும். மாஸ்டர் சொல்லியிருக்காரு.”

“மனசுக்குள்ள கத்திக்க.”

அந்தப் புழுவுக்குக் காது என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதைப் பல வருடம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன். அன்றே தெரிந்திருந்தால் புழுத் தட்டுக்கு நேரே நின்று கத்தியிருப்பேன். புழு விழித்த பிறகும் கூடு கட்டும்வரை அம்மா தடையை விலக்கவில்லை; பத்து நாள் வாயை இறுக மூடிக்கொண்டு காற்றைக் குத்தினேன். கத்தலெல்லாம் மனசுக்குள்ளே. அங்கேதான் என் திட்டமும் உருவானது.

ஓடாமல் தோற்பது. இதுதான் திட்டம். கால்களை ஊன்றி நிற்பேன். அவள் வரும்போது, சரியான நேரத்தில் இடது கையை இறக்கி முகத்தைக் காட்டுவேன். அவள் குத்துவாள். நான் வீரனைப் போல விழுந்து, மெதுவாக எழுந்து, குனிந்து வணக்கம் சொல்வேன். ஊர், “பையன் நின்னு அடிவாங்கினான்டா” என்று சொல்லும். அவளும் சேலம் போவாள். இதை அவளுக்காகச் செய்கிறேன் என்று நானே நம்பிவிட்டேன். கிணற்றடியில் விழுந்து பழகினேன். எந்தப் பக்கம் விழுந்தால் முகம் நன்றாகத் தெரியும் என்றுகூடப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்று சுற்று என்றுதான் முதலில் பேச்சு. ஆனால் புளி ஏற்ற லாரி வந்து ஹார்ன் அடித்துக்கொண்டு நின்றது. மண்டிக்காரர், “சீக்கிரம் முடிங்க சார், லோடு ஏத்தணும்” என்றார். மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “சரி, ஒரே பாயிண்ட். யாரு மொதல்ல தொடறாங்களோ அவங்க.”

மாமா கையைக் கட்டிக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் குனிந்து வணங்கினோம். மாஸ்டர் விசில் ஊதினார்.

நான் ஓடவில்லை. அதைப் பார்த்ததுமே அவள் நடை தடுமாறியது. மூன்று மாதமாகப் படித்த பேப்பரில் திடீரென்று வேறு பாஷை. ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நான் நேரம் பார்த்து இடது கையை இறக்கி, முகத்தை முன்னால் நீட்டினேன்.

அவள் கத்தினாள். குத்து வந்தது. என் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டது.

என் கண்ணைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. அப்படிக் கோபப்பட்டு அவளை நான் பார்த்ததே இல்லை.

“கையத் தூக்குடா” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். முட்டாள்தனத்துக்கு ஓர் அளவு வேண்டும், எனக்கு இருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் முகத்தை நீட்டினேன்.

“தூக்குடா கைய!” அவள் கண் கலங்கியிருந்தது. கை பாதியில் அப்படியே நின்றது.

அந்தக் கோபத்தைப் பார்த்து என் காது சூடானது. முழங்கால் ஆடியது. அடுத்தது ஓட வேண்டும். ஆனால் ஓடக் கூடாது என்று காலுக்குப் பத்து நாளாகச் சொல்லி வைத்திருந்தேன். போக வழியில்லாத பயம் கைக்கு ஏறியது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வலது கை தானாகப் போனது. கத்தவில்லை. பத்து நாள் புழுவுக்குப் பயந்து கத்தாமல் குத்திய கை அது. வாய் திறக்கவே இல்லை. எந்தச் சத்தமும் முன்னால் வந்து அவளை எச்சரிக்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது அவள் மேல் உதட்டில் ஒரு சொட்டு ரத்தம். விசில். ஊர் கைதட்டியது. நான் கீழே விழுவதற்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

“மூளைடா! கைய எறக்கிக் காட்டி, இந்தா அடின்னு ஆசை காட்டி, உள்ள இழுத்து அடிச்சான் பாத்தீங்களா? இதுக்குப் பேருதான் மனசால ஜெயிக்கறது!”

அவள் அழவில்லை. இடுப்புப் பட்டையை அவிழ்த்தாள், நான்காக மடித்தாள், தராசுத் தட்டில் வைத்தாள். மாமா மூட்டையிலிருந்து இறங்கி, தன் துண்டால் அவள் உதட்டைத் துடைத்துவிட்டார். “முடிஞ்சிது. வா, போலாம்.” இருவரும் போனார்கள். லாரியில் லோடு ஏற ஆரம்பித்தது.

‘நான் தோற்கத்தான் பார்த்தேன்’ என்று அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோளில் உட்கார்ந்திருந்தேன். உயரம் நன்றாக இருந்தது. யாரோ போண்டா கொடுத்தார்கள். தின்றேன்.

மறுநாள் மனசு கேட்காமல் மாமா வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான். மாமா கொய்யா பறித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, நேத்து வந்துங்க…”

“அட, வாடா. உம்மேல எனக்கென்ன கோவம்? நீ கெலிச்சது நல்லதாப் போச்சி. பொண்ணுங்களுக்கு அந்த மனசு உறுதி வராது. கை உம்மூஞ்சி வரைக்கும் வந்துது, பாத்தியா, அடிக்க மனசு வரல. அதான் பொண்ணு.”

அவர் மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாவாடை நுனி தெரிந்தது. ஊரிலேயே பெரிய உறுதியோடு ஒரு கை நின்றதை, உறுதி இல்லை என்று அவள் அப்பா தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். மாமா அதில் ஒரு கொய்யாவைத் திணித்தார். நல்ல பழம். வீட்டுக்கு வரும் வழியிலேயே தின்று முடித்துவிட்டேன்.

சேலத்தில் என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? மாஸ்டர் பஸ்ஸில் போகும்போதே சொல்லிவிட்டார்: “அதே ட்ரிக்க போடு. கைய எறக்கு, உள்ள இழு, அடி.” நான் கையை இறக்கினேன். எதிரே இருந்த பையன் நல்லவன். நின்று யோசிக்கவெல்லாம் இல்லை. என் மூக்கிலிருந்து வந்த ரத்தத்தைத் துடைக்க பாக்கெட்டில் துணி இருந்தது. டெய்லர் ஒருவர்தான் அந்தச் சீசனில் சரியாகக் கணித்தவர்.

அடுத்த வருடம் மாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டைப் பெரிதாக்கிக்கொண்டு வகுப்பை விட்டுவிட்டார். மாமா மகள் அதற்குப் பிறகு களத்துப் பக்கம் வரவில்லை. என்னிடம் பேச்சு நிற்கவில்லை. ஆனால் “டேய்” நின்றுவிட்டது. தனியாக இருக்கும்போதும் “மாமா” என்றாள். எனக்கு அது உதையைவிட வலித்தது. பிறகு அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது, எனக்கும் ஆனது.

போன மாதம் மாமாவுக்கு வருடத் திதி. முடித்துவிட்டு அவள் ஊருக்குக் கிளம்பினாள். மொரப்பூர் ஸ்டேஷனில் கொண்டுபோய் விடும் வேலை எனக்கு. ரயில் நாற்பது நிமிடம் தாமதம். வேப்பமர நிழலில் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளுக்கு முடி பாதி நரைத்திருந்தது, முழங்கால் வலி. எனக்கும் அதேதான். பேச்சு மாமாவைப் பற்றிப் போய், களத்தைப் பற்றித் திரும்பியது. எனக்கு மறுபடி காது சூடாக ஆரம்பித்தது. இந்த வயதிலும்!

“ஒண்ணு சொல்லணும்” என்றேன். “அன்னிக்கி நான் உங்கிட்ட தோக்கத்தான் வந்தேன். கைய வேணும்னுதான் எறக்கினேன். உனக்காக.”

என் முப்பத்தைந்து, நாற்பது வருடப் பாரம். சொல்லி முடித்துப் பெருமூச்சு விட்டேன். அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும்.”

“தெரியுமா?”

“மூஞ்சியக் கொண்டாந்து நீட்டுனியே, கல்யாணத்துல தாம்பூலப் பை குடுக்கற மாதிரி. கண்ணுலயே எழுதியிருந்துதே, இந்தா புடிச்சிக்கன்னு. அத வாங்கிட்டுப் போயி, ஜெயிச்சிட்டேன்னு எங்கப்பா முன்னால நிக்கணுமா நான்? அதான் நிறுத்தினேன்.”

“அடிச்சிருக்கலாமே. ஒரு குத்துதான? இத்தன வருசம்…”

அவள் என் பக்கம் திரும்பினாள். நாற்பது வருடத்துக்கு முந்தைய அதே கோபம்.

“டேய்! அன்னிக்கி உனக்கு இருந்தது ஒரே ஒரு வேல. பயப்படறது. தெனமும் எவ்வளவு நல்லாப் பண்ணுவ! அந்த ஒரு நாளு அதக்கூட ஒழுங்காப் பண்ணலயே நீ.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். கேட்கவில்லை. அதையும் தாம்பூலப் பை மாதிரி நீட்டுகிறேன் என்பாள். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன், படித்துவிடப் போகிறாளே என்று.

ரயில் வந்தது. அவளுடைய பெரிய பையைத் தூக்கக் குனிந்தேன்.

“வையி” என்றாள்.

வைத்தேன். அவளே தூக்கிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக ஏறினாள்.